வச்சலாவின் தோளுக்கு ஒரு ஓட்டைப் பலகை

விடுதலை அடைந்தே தீருவது என்று நான் முடிவெடுத்தபோது காலை மணி ஆறேகால். என் கையில் சீப்பு இருந்தது. சீப்பின் மறுமுனையில் என் மனைவி இருந்தாள்.

"இன்னாய்யா, இது தலையா ஸ்டேரிங்கா? இப்டி ஒடிக்கிற."

"வளைவு வருது வச்சலா. ஒடிச்சித்தான் ஆவணும்."

"வளைவுல வேகத்தக் கொறைக்கணும்னு ஒனக்கு யாரும் சொல்லித் தர்லியா?"

சொல்லித் தந்தார்கள். இருபத்தொன்பது வருடம் செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே அரசுப் பேருந்து ஓட்டியவன் நான். திருக்கழுக்குன்றத்தில் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே ஒரு வாழைத்தார் மேல்கூட உரசாமல் வண்டியைத் திருப்பியவன். பெயர் நீலமேகம். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. ஓய்வுக்குப் பிறகு கிடைத்த பதவி உயர்வு, இந்தப் பின்னல்.

எல்லாம் அவளுடைய வலது தோளால் வந்தது. தை மாதத்தில் ஒரு காலை, படகு கரையேறுகிற நேரம், மீன் ஏலத்துக்குப் போன வச்சலா மணலில் கிடந்த வலையில் கால் சிக்கி விழுந்தாள். கட்டுப் போட்டார்கள். கட்டுப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, தோள் பூட்டிக்கொண்டிருந்தது. கை நெஞ்சு உயரம் வரை வரும். சாப்பிடலாம். என்னைத் திட்டும்போது நீட்டிக் காட்டலாம். தலைக்கு மட்டும் போகாது.

எங்கள் மகள் ரஞ்சிதாவுக்கு நாவலூரில் வேலை. முதல் வாரம் லீவு போட்டு வந்து அம்மாவுக்குத் தலை வாரினாள். லீவு முடிந்த அன்று சீப்பை என்னிடம் கொடுத்து, "மூணாப் பிரிச்சி மாத்தி மாத்திப் போடணும்பா, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அவ்வளவுதான் என்று சொல்கிறவர்கள் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

அந்த அவ்வளவுக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் குப்பத்து டீக்கடையில் என் கூட்டாளிகள் முதல் டீயைக் குடித்து, நாட்டைத் திருத்தி, கலைந்திருப்பார்கள். யாராவது ஒருவர் மிச்சமிருந்தால் என்னைப் பார்த்துக் கேட்பார்: "இன்னா அண்ணாத்த, இன்னிக்கு ஒத்தப் பின்னலா ரெட்டப் பின்னலா?"

அதனால்தான் விடுதலை என்றேன். அது மட்டும்தான் காரணம் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டேன்.

மாதம் ஒருமுறை வச்சலாவை திருப்போரூருக்கு அழைத்துப் போவேன். அங்கே தோளுக்குப் பயிற்சி சொல்லித்தரும் பெண்ணின் பெயர் சிநேகா. என் மகளைவிடச் சின்னவள்.

"சுவத்துல விரலால நடக்கணும்மா. எறும்பு ஏறுற மாதிரி, மெதுவா, மேல மேல. தினம் அம்பது தடவை."

"எறும்புக்கு வேற வேலையில்ல. எனக்குக் கீது" என்றாள் வச்சலா.

"வலிச்சாலும் பண்ணணும்மா."

"வலிக்கிதுன்னுதானம்மா ஒங்கிட்ட வந்தேன்."

சிநேகா என்னைத் தனியே கூப்பிட்டாள். "இன்னும் நாலு மாசம்தான் சார் இருக்கு. அதுக்குள்ள அசைச்சா வரும். இல்லன்னா, இவ்ளோதான் தூக்குவேன்னு தோளே முடிவு பண்ணிடும்."

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். உட்கார இடமில்லை. தலைக்கு மேலே ஓடும் கம்பியை எல்லோரும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வச்சலா அதை அண்ணாந்து பார்த்தாள். பிறகு இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தொன்பது வருடம் அந்தக் கம்பிக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன். அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டில் எறும்பு மூன்று நாள் ஏறியது. சமையலறைச் சுவரில் மஞ்சள் படிந்த விரல் தடங்கள், நெஞ்சு உயரத்தில், ஒரே இடத்தில். நாலாம் நாள் எறும்பு ராஜினாமா செய்துவிட்டது.

சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. சொல்லாமல் கேட்க வைக்க வேண்டும். எப்படி என்று தெரியாமல் ஒரு வாரம் அலைந்தேன்.

வழி மாமல்லபுரத்தில் ஒரு தங்கும் விடுதியின் புல்தரையில் கிடந்தது. அங்கே என் சிநேகிதன் சாலமோன் புதுக் கட்டடத்துக்கு சென்ட்ரிங் வேலை செய்துகொண்டிருந்தான். கான்கிரீட் கொட்டுவதற்குக் கீழே பலகை அடித்து முட்டுக் கொடுக்கிற வேலை. அவனைப் பார்க்கப் போனவன் வெள்ளைக்காரர்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். புல்லில் எதிரெதிராக இரண்டு பலகைகள் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வட்ட ஓட்டை. தூரத்தில் நின்று சின்னச் சின்னத் துணி மூட்டைகளை அதன் மேல் வீசினார்கள்.

"இன்னாடா இது?"

"மூட்டைய ஓட்டைல போடணும் அண்ணாத்த. உள்ள பூந்தா மூணு. பலகைல நின்னா ஒண்ணு."

"தோத்தா?"

"தோத்தா சிரிக்கிறாங்க."

"தோத்துட்டா?"

"பாரினர் அண்ணாத்த. நம்ப கணக்குல வராது."

ஒரு வெள்ளைக்காரக் கிழவி கையைப் பின்னே இழுத்து, முன்னே வீசி, மூட்டையைப் பறக்கவிட்டாள். தோள் சுழன்றது. எனக்குள் என்ஜின் ஸ்டார்ட் ஆனது.

காரணம் சொல்கிறேன். வச்சலா மீன் பிரிக்கும்போது நீங்கள் பார்த்ததில்லை. குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து, பக்கத்துக்காரியிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே, சங்கரா மீனை ஒரு கூடைக்கும் கவலை மீனை ஒரு கூடைக்கும் வீசுவாள். கூடை பத்தடி தள்ளியிருக்கும். அவள் கூடையைப் பார்க்கவே மாட்டாள். ஒரு மீன்கூட மணலில் விழாது. ஆனால் வேறு யாராவது வீசி, அது தவறி விழுந்தால், அவளுக்குப் பொறுக்காது. எழுந்து போய் எடுத்துச் சரியாக வீசிவிட்டுத்தான் மறுவேலை.

எனவே திட்டம் எளிது. நான் வீச வேண்டும். தவற வேண்டும். இரண்டாவதில் எனக்குத் திறமை உண்டு.

சாலமோனிடம் விஷயத்தைச் சொன்னேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் சொன்னேன். அவன் பழைய ஒட்டுப்பலகை இரண்டைக் கொண்டுவந்தான். நாலடி நீளம், இரண்டடி அகலம். கீழே சட்டம். பின்பக்கம் ஓரடி தூக்கலாக இரண்டு கால். சாப்பாட்டுத் தூக்கின் மூடியைக் கவிழ்த்து நான் வட்டம் வரைந்தேன். அந்த வட்டத்தின் மேல் ட்ரில் மிஷினால் நெருக்கமாகத் துளை போட்டு, நடுவை அவன் சுத்தியலால் தட்டித் தள்ளினான். ஓரத்தை உப்புத்தாளால் நான் தேய்த்தேன். மூன்று நாள் தேய்த்தேன். கை வழுக்குகிற அளவுக்குத் தேய்த்தேன். அவளுடைய விரலில் ஒரு சிராய் ஏறினால் என் கதி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

வேலை முடிந்தபோது ஒரு பலகையை இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது.

"இன்னாடா இவ்ளோ கனம்?"

"மேல எட்டு இஞ்ச் கான்கிரீட் கொட்டினாலும் தாங்கும் அண்ணாத்த."

"கொட்டப் போறது புளியங்கொட்டைடா."

"அதையும் தாங்கும்."

ஆமாம், மூட்டைக்குள் புளியங்கொட்டை. பக்கத்து வீட்டு யோகேஸ்வரி தையல்காரி. என்னுடைய பழைய காக்கிப் பேண்டில் நாலு, வச்சலாவின் கிழிந்த பூப்போட்ட புடவையில் நாலு, மொத்தம் எட்டு மூட்டை தைத்துக் கொடுத்தாள். என் யூனிபார்ம் ஓய்வு பெற்றதிலிருந்து பெட்டிக்குள் சும்மா கிடந்தது. கத்தரிக்கோல் அதன் மேல் ஓடியபோது நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்கும் சவுக்கு வேலிக்கும் நடுவே, இருபதடி இடைவெளியில் பலகைகளை வைத்தோம். வச்சலா மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"இன்னாது?"

"சாலமோனுக்கு ஆர்டர். லாட்ஜுக்காரன் கேட்டிருக்கான். நல்லா கீதான்னு வெளாடிப் பாத்துக் குடுக்கணும்."

"அதுக்கு ஒன்னியா புடிச்சான்?"

முதல் மூட்டையை வீசினேன். அது பலகை மேல் விழுந்தது. விழுந்து, ஒரு நொடி யோசித்து, சர்ரென்று சறுக்கி மறுபக்கம் போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. எட்டும் அப்படியே. ஓட்டையின் மேலேயே விழுந்த ஒன்றுகூட உள்ளே போக மனமில்லாமல் தாண்டிப் போனது. எடுத்துப் பார்த்தால் மூட்டையெல்லாம் பிசுபிசு.

சாலமோன் தலையைச் சொறிந்தான். "பழக்கதோசம் அண்ணாத்த. கான்கிரீட் ஒட்டாம இருக்க, பலகைக்கு ஆயில் பூசிடுவோம். முடிச்ச ஒடனே கை தானா பூசிடிச்சி."

வச்சலா எழுந்து வந்தாள். பலகையை விரலால் தொட்டு முகர்ந்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். முப்பத்தொரு வருடமாக எனக்குப் பழக்கமான பார்வை. சாலமோன் புதியவன், தலைகுனிந்தான்.

"அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய். அப்பால சோப்புத் தூளு. அப்பால வெயில்ல காய வை" என்றாள். பிறகு மூட்டை ஒன்றைக் குனிந்து எடுத்தாள். வலது கையால்.

"எண்ணெப் பலகைலகூட வீசத் தெரிஞ்சா நிக்கும்யா. ஒசரத் தூக்கி வீசு. செத்த மீனு மாதிரி பொத்துனு வுழணும்."

வீசினாள். கை நெஞ்சுக்குமேல் எழும்பியபோது அவள் முகம் வலியால் சுருங்கியது. மூட்டை மேலே போய், செத்த மீன் மாதிரி பொத்தென்று ஓட்டைக்குள் விழுந்தது. நான் சாலமோனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பேன்.

வைகாசி முழுக்க ஆடினோம். சாயங்காலம் நாலரைக்கு ஆட்டம். அவளுக்குப் பூப்போட்ட மூட்டை, எனக்குக் காக்கி. இருபத்தொன்று எடுத்தால் வெற்றி. நான் ஏழைத் தாண்டியதில்லை. முதல் வாரம் தவறுவதாக நடித்தேன். இரண்டாம் வாரம் நடிப்பை நிறுத்திப் பார்த்தேன். அதே ஏழுதான்.

கை அசைந்தது. மறுநாள் காலையில் சீப்போடு நின்று ஆவலாகக் கேட்பேன்:

"இன்னிக்குத் தூக்கிப் பாரேன்."

"தோ பாரு, காது வரைக்கும்தான். அப்பால இஸ்துகினு நிக்கிது."

சிநேகாவிடம் விளக்கம் கேட்டேன். பலகையை வர்ணித்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "நல்ல ஐடியா சார். ஆனா கீழருந்து வீசினா கை முன்னாடிதான் போகும். தலைக்கு மேல போகணும்னா குறி மேல இருக்கணும்."

அவ்வளவுதானே. சாலமோனைக் கூப்பிட்டேன்.

"ரூப்புக்குக் குடுக்கிற மாதிரி சவுக்கு முட்டுக் குடுத்துத் தூக்கிடலாம் அண்ணாத்த. வாரத்துக்கு ரெண்டு ஜாண்."

ஆனி முடிவதற்குள் பலகை வாசற்கதவு உயரத்துக்குப் போய்விட்டது. நான்கு சவுக்குக் கால்களின் மேல், வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஓட்டையோடு நின்றது. கடற்கரைக்குப் போகிறவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்கள்.

"இன்னா நைனா, புறாக் கூண்டா?"

"தண்ணித் தொட்டி வக்கப் போறியா?"

வச்சலா காலைச் சற்று அகட்டி நின்று, கையைத் தலைக்குமேல் வீசி, மூட்டையை ஓட்டைக்குள் இறக்குவாள். அது ஓட்டை வழியே விழுந்து மணலில் உருளும். பொறுக்கிக்கொண்டு வருவது என் இலாகா. நான் ஓடுவேன். "சுருக்கா வாய்யா, வண்டி லேட்டு" என்பாள். நானும் சுருக்காக வருவேன்.

சாயங்காலம் தலைக்கு மேல் போகிற கை, காலையில் மட்டும் காதோடு நின்றது.

"பனி" என்றாள். ஆடி மாதத்தில்.

"ராத்திரி ஒருக்களிச்சிப் படுத்துட்டேன்" என்றாள்.

"நேத்து ரொம்ப வீசிட்டேன். நீ ஏன் நிறுத்தச் சொல்லல?" என்றாள்.

நான் வாரினேன். பின்னலில் எனக்குச் சற்றுக் கை படிந்திருந்தது. அரை மணிக்கு வந்துவிட்டேன். ஓட்டுகிற ஆசாமிக்குப் பின்னால் வருவதெல்லாம் கண்ணாடியில் தெரியும். ஆனால் இத்தனை வருடத்தில் வச்சலாவின் பின்கழுத்தை நான் நின்று பார்த்ததில்லை. மயிர் முளைக்கும் இடத்தில் ஒரு மச்சம், அரிசி அளவு. அதற்குமேல் ஒரு விரற்கடை நரை. தேங்காயெண்ணெய் வாசமும் அதற்கடியில் கடல் வாசமும். எப்போது நரைத்தாள்? எந்த டிரிப்பில் இருந்தேன் அப்போது?

ஆடி மாதம் மூன்றாவது வாரம். டீக்கடைக்குக் கிளம்பியவன் பாதியில் திரும்பினேன், மூக்குக் கண்ணாடியை மறந்திருந்தேன். அன்றைக்குப் பின்னல் முடிந்திருக்கவில்லை. அவள் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தாள், ஊறட்டும், வந்து வாரு என்று சொல்லியிருந்தாள். பின்பக்கமாக வந்தேன். துவைக்கத் தண்ணீர் பிடித்துவைக்கும் தொட்டியைத் தாண்டுமுன் நின்றேன்.

வச்சலா துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் தலைக்குப் பின்னால். வாயில் ஹேர்பின். விரல்கள் தானாகப் பின்னிக்கொண்டு போயின. மூன்றாகப் பிரித்து, மாற்றி மாற்றி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முடித்து, சுருட்டி, கொண்டையாக்கி, பின் குத்தி, கையிலிருந்த கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். அழகாக இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும், இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு பின்னைப் பிடுங்கினாள். கொண்டையை அவிழ்த்தாள். பின்னலைக் கலைத்தாள். பத்து விரலாலும் தலையைச் சிக்காக்கினாள். நன்றாகச் சிக்காகிவிட்டதா என்று மறுபடி கண்ணாடியில் பார்த்தாள். சீப்பை எடுத்து நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் வைத்தாள்.

நான் மூச்சு விடாமல் தெருப்பக்கமாகப் போய், இருமிக்கொண்டே வாசல் வழியாக உள்ளே வந்தேன்.

"வந்துட்டியா? தோ பாரு, கை இன்னிக்கும் பேஜாரு பண்ணுது" என்றாள்.

"அப்டியா" என்றேன். சீப்பை எடுத்தேன்.

பிடித்துவிட்டேன். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக வச்சலாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதை எப்படிப் போட்டு உடைப்பது என்று பல வகையில் ஒத்திகை பார்த்தேன். திடீரென்று மூட்டையை அவள் தலைக்கு மேலே வீசி, 'புடி' என்று சொல்லலாம். சிநேகாவை வரவழைத்து அவள் முன்னால் கேட்கலாம். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று ஒத்திவைத்தேன். காலையில் அவள் முதுகைக் காட்டி உட்கார்வாள். நான் சீப்பை எடுப்பேன். அந்த மச்சம் என்னைப் பார்க்கும். சரி, நாளைக்குச் சொல்லலாம்.

டீக்கடைக்கு என்னைக் காணோம் என்று ஆள் அனுப்பினார்கள். வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

இப்படி ஆவணி போனது. புரட்டாசி பிறந்தது. ஒருநாள் காலை, கடல் சத்தமில்லாமல் இருந்தது. நான் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்தபடியே வச்சலா சொன்னாள்:

"நாளைலருந்து வாணாம்யா. நானே பின்னிக்கிறேன்."

சீப்பு நின்றது. "ஏன், கை?"

"கை எப்பவோ வந்துடிச்சி. ஒனக்குத்தான் தெரியுமே."

"எனக்கு இன்னா தெரியும்?"

"ஆடில தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னுகினு மூக்க உறிஞ்சினியே, அது யாரு, பூனையா?"

"எனக்கு அன்னிக்கு ஜலதோசம்."

"தெரியும். கண்ணுலயும் ஜலதோசம்."

ஒரு சிக்கை விரலால் பிரித்தேன். பிறகு நான்தான் கேட்டேன். "அப்ப ஏம்மே இவ்ளோ நாளு?"

"ரிட்டேர் ஆனதுலருந்து நாலு மணிக்கே எழுந்துக்குவ. செருப்ப மாட்டிகினு கதவாண்ட ஒக்காந்திருப்ப. விடியற வரைக்கும். நான் முழிச்சிகினுதான் இருந்தேன்." குரலில் ஒரு சலனமும் இல்லை. மீன் விலை சொல்கிற குரல். "தோளு வுழுந்த அப்பால நீ ஒக்கார்ல. பலக செஞ்ச, முட்டு நட்ட, ஓடிப் போயி பொறுக்கின. கை வந்துடிச்சின்னு சொன்னா மறுபடி கதவாண்ட போயிடுவியோன்னு பாத்தேன்."

நான் கதவருகே உட்கார்ந்ததை யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"இப்பத்தான் டீக்கட ஆளு கூப்ட்டாகூட நீ போறதில்ல" என்று தொடர்ந்தாள். "கதவாண்ட ஒக்கார்ற பழக்கம் வுட்டுப் போச்சி. சரி, போயி கூட்டாளிங்களோட பேசிகினு இரு. ஒனக்கு விடுதல."

விடுதலை. சித்திரையிலிருந்து நான் பாடுபட்டது அதற்குத்தான். கைக்கு வந்துவிட்டது. கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. என் விரல்கள் இன்னும் அவள் தலைமுடியை மூன்றாகப் பிரித்துப் பிடித்திருந்தன. விடச் சொல்லி அவள் ஆணையிட்டும் அவை விடவில்லை.

"மழக்காலம் வருது வச்சலா. எலும்பு ஒடஞ்ச எடம். மறுபடி நோவும்."

"நோவாது."

"சிநேகா சொல்லிச்சி."

"சிநேகாவ நேத்து நான் போன்ல கேட்டுட்டேன்."

"யோகேஸ்வரிகூட சொன்னா, இப்பல்லாம் பின்னலு நல்லா வருதுன்னு."

"அவ ஒனக்குச் சொன்னா. என்னாண்ட வேற சொன்னா."

இருபத்தொன்பது வருடப் பணியில் யாரிடமும் லீவு தவிர எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. சீப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, அவள் பின்கழுத்தைப் பார்த்துக் கேட்டேன்:

"காலைல மட்டுமாவது?"

அவள் தோள்கள் லேசாகக் குலுங்கின. இரண்டும், ஒரே உயரத்துக்கு. சிரிக்கிறாளா என்று முன்னால் வந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"சரி, இரு" என்றாள் வச்சலா. "ஆனா டெம்பரவரிதான். வகிடு நேரா வர்ற அன்னிக்குப் பாத்து பர்மனென்ட் பண்றேன்."